பனி மனிதன் உண்டா?

இமயமலையின் பனிப் பிரதேசத்தில், உடலெங்கும் உரோமம் அடர்ந்து, இரு கால்களில் நடக்கும் ‘யெட்டி’ உலவுவதாக நேபாளத்து ஷெர்பா மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கூறி வருகின்றனர். இது உண்மைதானா? நாம் சற்று ஆராய்வோமா?

1921-ல் எவரெஸ்ட் பகுதிக்குச் சென்ற ஆங்கிலேயர் குழு, பனியில் பெரிய காலடிச் சுவடுகளைக் கண்டது. ஓநாயின் சுவடாயிருக்கலாம் என்றார் குழுத் தலைவர். பத்திரிகையாளர் ஒருவரோ ‘அருவருப்பான பனி மனிதன்’ என்று எழுதிவிட்டார். அப்பெயர் உலகெங்கும் பரவியது. 1951-ல் எரிக் ஷிப்டன் எடுத்த காலடிப் படம் ஆவலை மேலும் தூண்டியது.

கும்ஜுங் கிராமத்து மடாலயத்தில் யெட்டியின் தலைத்தோல் என்று ஒன்று போற்றப்பட்டு வந்தது. 1960-ல் எட்மண்ட் ஹில்லாரி ஊராரின் அனுமதி பெற்று, ஊர்ப் பெரியவர் ஒருவருடன் அதை வெளிநாடுகளுக்கு எடுத்துச் சென்றார். அது ‘செரோ’ என்னும் மலையாட்டின் தோலால் செய்யப்பட்டது என விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். பின்னர் 2017-ல், யெட்டியினுடையவை எனப்பட்ட 9 மாதிரிகளின் மரபணுக்கள் ஆராயப்பட்டன. அவற்றுள் 8 கரடிகளுடையவை, ஒன்று நாயினுடையது!

கரடி நடக்கையில் முன்கால் தடத்தின் மேல் பின்கால் பதிவதுண்டு. வெயிலில் பனி உருகினால் தடம் இன்னும் பெரிதாகும். அதுவே நமக்கு மனிதச் சுவடாகத் தோன்றுகிறது.

ஆயினும் ஹில்லாரி அம்மக்களை எள்ளி நகையாடவில்லை. தலைத்தோல் மடாலயத்திற்கே திரும்பியது. 1961-ல் அவ்வூர்ச் சிறுவர் சிறுமியருக்குப் பள்ளிக்கூடம் ஒன்றும் எழுந்தது.

தோழியரே! கதைகளை ஆவலுடன் கேட்போம்; சான்றுகளையும் கேட்போம். ஆனால் கதை சொன்னவரை ஒருபோதும் இகழாதிருப்போம்.