பாசி காய்ந்ததா, செத்ததா?

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் வாய் அகன்ற கண்ணாடிக் குடுவையில் பாசி வளர்க்கத் தொடங்கினேன். பாதி நர்சரியில் வாங்கியது. பாதி, கொடைக்கானல் போனபோது சாலையோரப் பாறையிலிருந்து பெயர்த்து வந்தது. ஹாலில் டிவி அலமாரியின் மேல், மின்விசிறிக்குக் கீழே வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் போர் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி அடிக்கிறேன். முதல் மாதம் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. இப்போது நுனியெல்லாம் பழுப்பாகிவிட்டது. மேலே வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, பூஞ்சையா என்று தெரியவில்லை. ஒரு மூலையில் முடி போல மெல்லிய செம்பழுப்புக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதுவும் நோயா? பக்கத்து வீட்டு அக்கா, "உரம் போதலை, மண்புழு உரத் தண்ணி ஊத்து" என்கிறார். என் மகள், "செத்துப்போச்சும்மா, தூக்கிப் போடு" என்கிறாள். காப்பாற்ற முடியுமா?

– வாசகி, மடிப்பாக்கம், சென்னை

பதில்: அம்மா, தூக்கியும் போடாதீர்கள், உரத் தண்ணீரும் ஊற்றாதீர்கள். முதலில் உங்கள் பாசி தூங்குகிறதா, செத்துவிட்டதா என்று பார்த்துவிடுவோம். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில் மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பான இடத்திலிருந்து நகக்கண் அளவு கிள்ளிப் போட்டு இருபது நிமிடம் விடுங்கள். உயிருள்ள பாசி என்றால், நூல் போல முறுக்கிக்கிடந்த இலைகள் ஒவ்வொன்றாக விரியும். கைலென்ஸ் இருந்தால் வைத்துப் பாருங்கள். பச்சை திரும்பி, வெளிச்சம் ஊடுருவுகிற மெல்லிய இலை தெரியும். செத்த பாசியும் தண்ணீரை உறிஞ்சிப் பருக்கும், ஆனால் நிறம் திரும்பாது. விரலில் தேய்த்தால் கூழாகும் அல்லது துகளாக உதிரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பாசித் திட்டின் அடிப்பகுதி எப்போதுமே பழுப்பாகத்தான் இருக்கும். மேலே வளர்ந்துகொண்டே போக, கீழே பழைய தண்டு மக்குவது இயல்பு. நுனியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காய்ந்து கிடப்பதோ உறைந்து கிடப்பதோ பாசிக்குச் சாவு அல்ல. அண்டார்க்டிகாவின் சிக்னித் தீவில், சுமார் 1,500 ஆண்டுகள் பனியில் உறைந்து கிடந்த பாசித் திட்டை வெட்டியெடுத்து வெளிச்சத்தில் வைத்தபோது புதுத் துளிர் விட்டதாக 2014-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதனால் பழுப்பைப் பார்த்து அவசரப்படாதீர்கள். சோதனையில் தேறாத திட்டுக்கும் ஆறு வாரமாவது அவகாசம் கொடுங்கள். உள்ளே எங்காவது ஒரு துண்டில் உயிர் ஒட்டியிருந்தாலே அது மறுபடி கிளைத்துவிடும்.

அடுத்து அந்த வெள்ளைப் படிவு. விரலால் தடவிப் பாருங்கள். பஞ்சு போல மிருதுவாக இருந்து, தொட்டதும் அமுங்கினால் பூஞ்சை. நறநறவென்று மாவுக்கல் போல இருந்தால் உப்பு. சந்தேகம் தீரவில்லையா, ஒரு துணுக்கைத் தனியே எடுத்து அதன்மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது தண்ணீரிலிருந்து வந்த சுண்ணாம்பு உப்பு. (குடுவைக்குள் வினிகர் விட்டுவிடாதீர்கள்.) போர் தண்ணீர் அடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள், கண்ணாடியிலும் உப்புப் பூத்திருந்தால் சோதனையே தேவையில்லை.

நானும் இதே தப்பைச் செய்தவன். பல வருடங்களுக்கு முன் ஒரு தட்டு நிறைய பாசியைப் போர் தண்ணீராலேயே கொன்றேன். அது சாகச் சாக, தாகம்தான் போலிருக்கிறது என்று இன்னும் அடித்தேன். பாசிக்கு வேர் கிடையாது. அடியில் வேர் போலத் தெரிவது கல்லையும் மண்ணையும் பிடித்துக்கொள்ளும் இழை மட்டுமே. தண்ணீரை அது இலையால்தான் குடிக்கிறது. அந்த இலையோ பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன். துளசிக்கு ஊற்றும் உப்புத் தண்ணீர் மண்ணில் இறங்கி, தொட்டியின் ஓட்டை வழியே கொஞ்சமாவது வெளியே போய்விடும். பாசிக்கு அடித்த தண்ணீர் அந்த மெல்லிய இலை மேலேயே காய்கிறது. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு மட்டும் தங்குகிறது. மறுபடி அடிக்கிறீர்கள், இன்னொரு படலம். கடைசியில் அந்த உப்பு இலைக்குள் இருக்கும் நீரையே வெளியே இழுத்துவிடும். நுனி கருகுவது இதனால்தான்.

குடிதண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்க அளவாகச் சொல்லும் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராம். நமக்கு அது போதும், பாசிக்கு அதுவே அதிகம். நான் 50-க்குக் கீழே இருந்தால்தான் பாசிக்கு ஊற்றுவேன். ஒரு நாள் திறந்து வைத்தால் மெட்ரோ வாட்டரின் குளோரின் பெருமளவு போகும், உப்பு போகாது. கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. மழைத் தண்ணீரே முதல் தரம், அடுத்தது ஆர்.ஓ. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை என்று பலர் பிடித்து ஊற்றுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அது செம்புக் குழாயைத் தொட்டு, தூசியையும் கழுவிக்கொண்டு வருகிறது. செம்பு பாசிக்கு விஷம். கூரையில் பாசி படராமலிருக்க மேலைநாடுகளில் செம்புப் பட்டை அடிக்கிறார்கள். அதனால் பிடித்து வைத்த மழைத் தண்ணீரையும் செம்புக் குடத்தில் வைக்க வேண்டாம்.

தண்ணீருக்கு அடுத்த குற்றவாளி உங்கள் மின்விசிறி. காய்ந்த பாசி நனைந்ததும் முதல் வேலையாகத் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்கிறது. அதற்கான செலவு அதன் சேமிப்பிலிருந்து போகிறது. அதன் பிறகுதான் வெளிச்சத்தில் உணவு தயாரித்து அந்தச் செலவை ஈடுகட்டும். அதற்கு மணிக்கணக்கில் ஈரம் வேண்டும். நீங்கள் லேசாக அடிக்கிறீர்கள், விசிறிக் காற்று சீக்கிரமே உலர்த்திவிடுகிறது. ஒவ்வொரு முறையும் எழுப்பிவிட்டுப் பட்டினி போடுகிறீர்கள். தினம் இரண்டு வேளை தெளிப்பதைவிட, ஒரு முறை நன்றாக நனைத்து, ஈரம் நிற்கும்படி பாதி மூடி வைத்து, நுனி சற்று மங்கும்போது அடுத்த முறை நனைப்பதே நல்லது.

அந்தச் செம்பழுப்புக் குச்சிகளை நினைத்துக் கவலைப்படாதீர்கள். அது நோயே அல்ல. ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் சீரக அளவுகூட இல்லாத ஒரு சிறு பை இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள்தான் பாசியின் வித்துத் தூள் இருக்கிறது. பூவும் விதையும் இல்லாத செடி இப்படித்தான் இனம் பெருக்குகிறது. உங்கள் குடுவையில் அந்த மூலை நன்றாக இருக்கிறது என்று நம்பலாம். கத்தரித்துவிடாதீர்கள்.

மற்ற அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். தண்டு ஒல்லியாக, வெளிறி, இடைவெளி விட்டு மேலே எம்பினால் வெளிச்சம் போதவில்லை. கருத்து, அழுகல் வாடை வந்தால் அடியில் தண்ணீர் தேங்குகிறது. பஞ்சுப் பூஞ்சை வந்தால் மக்கும் இலைத் துணுக்கைப் பொறுக்கிவிட்டு இரண்டு நாள் திறந்து வையுங்கள். வழவழவென்று நீலப் பச்சையாகப் படலம் படிந்தால், அது கிணற்றுப் படியில் வழுக்குகிற வேறு வகை; தமிழில் அதையும் பாசி என்றே சொல்கிறோம். (செட்டிநாட்டு மசாலாவில் போடுகிற கல்பாசி இவை இரண்டுமே இல்லை, அது லைக்கன்.) மண்புழு உரத் தண்ணீர் ஊற்றினால் அந்த வழவழப்புதான் முதலில் கொழிக்கும். ஆனால் வழுக்காமல், பச்சைக் கம்பளி நூல் போல மெல்லியதாகப் படர்ந்தால் துடைத்துவிடாதீர்கள். முளைத்து வரும் பாசி முதலில் அப்படித்தான் இருக்கும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பாசியைத் திட்டுத் திட்டாக வெளியே எடுங்கள். அகலமான தட்டில் மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றி மூழ்க வைத்து, அரை மணிக்கு ஒரு முறை மாற்றி, மூன்று முறை அலசுங்கள். பிழிய வேண்டாம், சாய்த்து வடியவிடுங்கள். குடுவையில் தென்னை நார்த்தூள் போட்டிருந்தால் அதைக் கொட்டிவிடுங்கள். கழுவாத நார்த்தூளில் உப்பு நிறைய இருக்கும். கழுவிய மணலும் கொஞ்சம் செம்மண்ணும் போதும். குடுவையை வடக்கு ஜன்னலோரம், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். மூடிய கண்ணாடி மீது வெயில் பட்டால் உள்ளே பாசி வெந்துவிடும். காய்ந்த பாசி தாங்குகிற சூட்டை ஈரப் பாசி தாங்காது.

கொடைக்கானலிலிருந்து வந்த பாதியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அது பிழைப்பது கடினம். சில்லென்ற இரவுகளுக்குப் பழகிய பாசி, சென்னையின் புழுக்கமான இரவில் பகலெல்லாம் சம்பாதித்ததை மூச்சுவிட்டே செலவழித்துவிடுகிறது. எவ்வளவு நல்ல தண்ணீர் கொடுத்தாலும் இந்தக் கணக்கு சரியாகாது. அங்கே பாறையில் அந்தத் திட்டு உள்ளங்கை அளவு பரவப் பல வருடங்கள் ஆகியிருக்கலாம். காப்புக்காட்டிலிருந்து பெயர்த்தால் சட்டப்படியும் குற்றம். அடுத்த முறை தயவுசெய்து எடுக்காதீர்கள்.

உங்களுக்கு வேண்டிய பாசி வீட்டிலேயே இருக்கலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி இரண்டு வாரம் கழித்து மொட்டைமாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரின் நிழல் விழும் பக்கத்தைப் பாருங்கள். வெயில் காலத்தில் கருப்பு அழுக்காகத் தெரிந்த இடம் பச்சையாகியிருக்கும். நம் ஊர்ச் சுவர்களில் பரவலாகக் காணப்படும் ஹையோஃபிலா என்ற பேரினத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். காயும்போது இலை விளிம்பை உள்ளே சுருட்டிக்கொள்ளும். சுவரில் வளர்வதால் சுண்ணாம்பும் நம் சூடும் அதற்குப் பழக்கம். தோசைக் கரண்டியால் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் வழித்தெடுத்து, குடுவையின் மண்ணில் அழுத்தி வையுங்கள். மிச்சத்தைச் சுவரிலேயே விட்டுவிடுங்கள்.