எண்ணி ஆடும் விளையாட்டு

நுழையும்முன்

கைவேகத்தால் வெல்லும் கணினி விளையாட்டுகள் பல உள்ளன. திட்டமிட்டு வெல்லும் விளையாட்டுகளும் உண்டு. அவற்றை உத்தி விளையாட்டுகள் என்பர். அவற்றுள் பழமையும் புகழும் வாய்ந்த மூன்றைப் புதியவர்க்கு ஏற்ற வரிசையில் அறிவோம்.

உத்தி விளையாட்டைப் புதிதாகத் தொடங்குவோர் பலர், முதல் நாளிலேயே படை திரட்டிப் போருக்குப் புறப்படுவர், தோற்பர், 'இது நமக்கு வராது' என்று கைவிடுவர். குறை அவர்களது அறிவில் இல்லை. தொடங்கிய இடத்தில் உள்ளது.

முதலில் ஆடத்தக்கது சிம்சிட்டி. வில் ரைட் உருவாக்கிய இவ்விளையாட்டு 1989ஆம் ஆண்டு வெளிவந்தது. இதில் நீங்கள் ஒரு நகரத்தின் தலைவர். குடியிருப்பு, வணிகம், தொழில் ஆகியவற்றிற்கு இடம் ஒதுக்கிச் சாலையும் மின்சாரமும் அமைத்தல் உங்கள் கடமை. போரிடும் எதிரி எவருமிலர். ஆனால், வீடுகளுக்கு அருகே ஆலைகளை நெருக்கி அமைத்தால் மாசு பெருகி நிலத்தின் மதிப்புக் குறையும்; வரியை மிகுதியாக உயர்த்தினால் மக்கள் வெளியேறுவர். ஒரு முடிவின் விளைவுகளை இங்கு அச்சமின்றிக் கற்கலாம்.

அடுத்தது, 1991ஆம் ஆண்டு வெளிவந்த சிட் மையரின் சிவிலைசேஷன். கி.மு. 4000இல் குடியேறிகளுடன் தொடங்கி, விண்வெளிக் காலம்வரை ஒரு நாகரிகத்தை வளர்க்க வேண்டும். சதுரங்கம் போல மாறிமாறி ஆடுவதால், நீங்கள் சிந்தித்து முடிக்கும்வரை எதிரி காத்திருப்பார். ஆற்றங்கரையும் வளநிலமும் கண்டு முதல் நகரை அமைத்தல் நன்று. போரிட்டும் வெல்லலாம், தொலைவிலுள்ள விண்மீனுக்குப் பிறருக்கு முன் விண்கலம் அனுப்பியும் வெல்லலாம்.

மூன்றாவது, 1999ஆம் ஆண்டு வெளிவந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம். இதில் காலம் உங்களுக்காகக் காத்திராது. உணவு, மரம், பொன், கல் ஆகிய நான்கையும் குடிமக்களே திரட்டுவர். ஒரு குடிமகனை உருவாக்க 50 உணவு போதும். அவ்வுணவைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஊர்மன்றத்தை ஓய்ந்திருக்கவிடுவதே புதியவர் செய்யும் பெரும்பிழை. படையிலும் ஒருவகை வீரரை மட்டும் நம்பலாகாது. ஈட்டி வீரர் குதிரைப்படையை வெல்வர். குதிரைப்படை வில்லாளரை வெல்லும். வில்லாளர் ஈட்டி வீரரை வெல்வர். வில்லியம் வாலஸ் பெயரிலுள்ள ஏழு பயிற்சி ஆட்டங்களை முதலில் ஆடுக. பின்னர், 2022ஆம் ஆண்டு வந்த விரிவாக்கத்தில் இராசேந்திர சோழனின் படையெடுப்புகளையும் ஆடலாம்.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன திருக்குறளில் அடுத்தடுத்து வரும் அதிகாரங்கள். இம்மூன்றும் இவ்விளையாட்டுகளுக்கும் பொருந்தும். 'இன்னும் ஒரே ஒரு முறை' என்னும் ஆசை, ஆடுவோரை நள்ளிரவுவரை அமர்த்திவிடும். உரிய நேரத்தில் ஆட்டத்தைச் சேமித்துவிட்டு எழுவதும் காலமறிதலே.

சொல்லும் பொருளும்

உத்தி – திட்டமிட்ட வழிமுறை
மாசு – தூய்மைக்கேடு
வலி – வலிமை
இடன் – இடம்

மதிப்பீடு

1. சிவிலைசேஷன் விளையாட்டில் போரிடாமல் வெல்லும் வழி யாது?
2. ஒருவகை வீரரை மட்டும் நம்பலாகாது, ஏன்?
3. நீங்கள் தோற்ற ஓர் ஆட்டத்தை நினைவுகூர்ந்து, அடுத்த முறை எதை மாற்றுவீர்கள் என ஐந்து வரிகளில் எழுதுக.