குறுநிலத்தாருக்கும் உழவு யந்திரம்

செட்டிநாடு, வானத்தையும் கண்மாயையும் நம்பிப் பயிர் செய்யும் பூமியாகும். ஆவணி, புரட்டாசியில் புழுதி உழுது நெல் விதைத்து, ஐப்பசி மழையில் பயிரை வளர்ப்பது சிவகங்கை மாவட்டத்தில் பரவலான வழக்கம். விதைப்புக்கு வாய்க்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் ஊரார் அனைவருக்கும் டிராக்டர் தேவைப்படுகிறது. நிலம் மிக உடையவர் முந்திக்கொள்கிறார். அரை ஏக்கர்க்காரர் காத்திருக்கிறார். அதற்குள் பெருமழை இறங்கிவிட்டால் புழுதி விதைப்பு கைநழுவிப் போகிறது.

ஆண்டில் சில நாட்களே தனக்கு ஓடும் யந்திரத்துக்காகச் சிறு விவசாயி கடன்படலாகாது. வாடகையே தக்க வழி. 2018-இல் தமிழக அரசு வெளியிட்ட உழவன் செயலி மூலம் வேளாண்மைப் பொறியியல் துறையின் யந்திரங்களுக்குப் பதிவு செய்யலாம். ஆயினும், அரை ஏக்கருக்காகத் தனியே ஒரு டிராக்டர் வந்து போவது எவருக்கும் கட்டுப்படியாகாது.

இவ்விடையூறு ஆப்பிரிக்கச் சிறு விவசாயிகளுக்கும் உண்டு. நைஜீரியாவில் 2014-இல் தோன்றிய ஹலோ டிராக்டர் நிறுவனம், டிராக்டர் உடையோரையும் விவசாயிகளையும் கைப்பேசி வழியே இணைக்கிறது. பதிவு முகவர்கள் அண்டை விவசாயிகளின் தேவைகளை ஒன்றுதிரட்டித் தருகின்றனர். கைப்பேசி பழகாதவரும் இதனால் பயனடைகின்றனர். நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே: யந்திரத்தை அழைப்பது செயலி; அதற்குப் போதிய வேலையைச் சேர்த்துத் தர வேண்டியவர் மனிதர்.

பஞ்சாயத்து அன்பர்கள் செய்யத்தக்கவை வருமாறு:

1. ஆகஸ்டு 15 கிராம சபையிலேயே கண்மாய் வாரியாக நிலத்தின் சர்வே எண், பரப்பு, விதைப்பு நாள் ஆகியவற்றைப் பட்டியலிடுக.

2. கைப்பேசி பழகிய இளைஞர் இருவரைப் பொறுப்பாக்கி, அனைவர் பெயரிலும் ஒரே காலத்தில் பதிவு செய்விக்க. அவர்தம் உழைப்புக்குரிய தொகையைச் சபையறிய நிர்ணயிக்க. அரசு யந்திரம் போதாவிடில், அதே பட்டியலைத் தனியார் டிராக்டர் உடையோரிடம் காட்டிப் பேசுக.

3. உள்வயல்களை முதலிலும், பாதையோர வயல்களைப் பின்னரும் உழுவிக்க. விதைத்த வயல் மிதிபடாது. சிறு நிலமும் விடுபடாது.

4. உழவு தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் ஏட்டில் எழுதி, இரு தரப்பாரும் கையொப்பமிடுக. வாடகை வழக்குகள் எழா.

சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் செல்லும் நம் இளைஞரை வெறும் அறிவுரையால் நிறுத்த இயலாது. ஊரிலேயே மதிப்பும் ஊதியமும் உள்ள பணி வேண்டும். இஃது அத்தகைய பணிக்கு ஒரு சிறு தொடக்கம். வரும் ஆவணிக்குள் ஒரு கண்மாயிலேனும் இதைச் செய்து பார்ப்போமாக.