பிள்ளையை ராணுவ அகாடமிக்கு அனுப்ப ஆசையா?

அலங்காநல்லூரில் காளையோடு வளர்ந்த பிள்ளைக்குத் துணிச்சலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாளும் தேதியும்தான் பெற்றோர் பொறுப்பு.

புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வை யுபிஎஸ்சி ஆண்டுக்கு இரு முறை நடத்துகிறது. வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. பிளஸ் டூ படிக்கும்போதே எழுதலாம். தரைப்படைக்கு எந்தப் பிரிவும் போதும். கடற்படை, விமானப்படை என்றால் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும் முன்பே இதைப் பேசிவிடுங்கள்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி வேறுபட்டால் இப்போதே திருத்துங்கள். தேர்வு மையம் முந்துபவருக்கே. கடைசி நாள் வரை காத்திருந்தால் மதுரை கிடைக்காமல் போகலாம்.

வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ்வழிப் பிள்ளைக்கு இதுதான் பெரிய மலை. தினம் அரை மணி நேரம் ஆங்கில நாளிதழை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், ஐந்து நாள் நேர்காணலுக்கும் 900. அங்கே சுயமாகப் பேசும் பிள்ளைதான் தேறும். வீட்டில் அவர்கள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.

காளை உருவத்தைப் பச்சை குத்த ஆசைப்பட்டால் தடுத்துவிடுங்கள்; முன்கையின் உட்புறம், புறங்கை தவிர வேறு இடத்தில் நிரந்தரப் பச்சை இருந்தால் பொதுவாகத் தகுதி போய்விடும். கண், பல், காது மூன்றையும் முன்கூட்டியே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மகள் கேட்டாலும் மறுக்காதீர்கள். 2022இல் சேர்ந்த முதல் பெண்கள் அணி 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியேறிவிட்டது.