கடைசி ஆள் வரும்வரை

ஓட்டக் குழுவில் சேர நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எல்லாரும் ரொம்ப வேகமா ஓடுவாங்களா?" என்பதைத்தான். ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் முடிகிற இடத்துக்கு ஒருமுறை போய், கடைசி ஆள் வந்து சேரும்வரை எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்வேன். பாதிப் பேராவது நின்றால் தயங்காமல் சேரலாம்.

சென்னையில் நாங்கள் பெசன்ட் நகர் கடற்கரையில் விடியும் முன்பே கூடிவிடுவோம். மெரினாவில் கலங்கரை விளக்கத்துக்கும் நேப்பியர் பாலத்துக்கும் இடையே போய்த் திரும்பும் நாட்களும் உண்டு. அந்த நேரத்துக்கே கிளம்பக் காரணம் இந்த ஊரின் புழுக்கம். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். உடம்புச் சூடு தணியாது. பெங்களூரில் சுலபமாக வந்த வேகம் மே மாதச் சென்னையில் நெஞ்சைப் படபடக்க வைக்கும். ஆகவே கைக்கடிகாரத்தை மறந்துவிடுங்கள். பக்கத்தில் ஓடுபவரோடு ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அதுவே உங்கள் வேகம். புதிதாக வருபவர்கள் முன்னால் போகிறவர்களைப் பிடிக்கப் பார்த்து, இரண்டே வாரத்தில் கெண்டைக்கால் வலியோடு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

குழுவின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், ஒரு வாரம் ஓடாமல் தண்ணீர் மேசையில் நில்லுங்கள். எங்களிடம் இது முறைவைத்து வரும் வேலை. மடக்கு மேசை, தண்ணீர் கேன், உப்புப் போட்ட மோர், நறுக்கிய ஆரஞ்சு, வாழைப்பழம், கடலை மிட்டாய், மறக்காமல் ஒரு குப்பைப் பை. தண்ணீரை நீட்டும்போதே முகத்தைப் பார்க்க வேண்டும். "அண்ணா, எத்தனை கிலோமீட்டர் ஆச்சு?" என்று கேட்பேன். பதில் தடுமாறினாலோ நடை தள்ளாடினாலோ அவரை மேலே ஓட விடுவதில்லை. நிழலில் உட்காரவைத்துத் தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, உடனே உதவிக்குக் கூப்பிடுவோம்; 108 எண் எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. மணிக்கணக்கில் ஓடுபவர் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே 1984இல், லாஸ் ஏஞ்சலீஸில்தான். இன்றும் நம் ஊரில் இருட்டோடு வீட்டை விட்டுக் கிளம்புவது பல பெண்களுக்குச் சுலபமில்லை. எங்கள் குழுவில் ஒரு பெண் வண்டியில் வரும் வழியில் இன்னொருவரை ஏற்றிக்கொள்வார். தனியாக யாரும் வருவதில்லை. பிள்ளைகளை வளர்த்து முடித்து, ஐம்பதைத் தாண்டிய பிறகு முதல்முறை ஷூ மாட்டிய அக்கா ஒருவர் அப்படித்தான் வந்து சேர்ந்தார். இப்போது அவர் 10 கிலோமீட்டர் ஓடுகிறார். குழுவில் எனக்கு மிகப் பெருமையான விஷயம் இதுதான். யாருடைய மெடலும் இதற்கு ஈடில்லை.

தெருவிளக்கு இல்லாத இடங்களில் வண்டிகளைப் பார்த்தபடி, சாலையின் வலது ஓரமாக ஓடுங்கள். வெளிர் நிறச் சட்டை போடுங்கள். நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்று மெதுவாக நடந்துவிடுங்கள்.

கடைசி ஆளோடு கூடவே வருவதற்கென்று ஒருவரை வாராவாரம் நியமிக்கிறோம். நல்ல வேகக்காரர்களுக்கும் இந்த முறை வரும். விலக்கு கிடையாது. இந்த ஒரு பழக்கம் இல்லாத குழுவில் புதியவர்கள் நிலைப்பதில்லை.

மாரத்தான் ஆசை எல்லாம் பிறகு வரட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் முதலில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். மற்றவர்கள் விலை உயர்ந்த ஷூவுக்காகக் காத்திருக்காமல், உங்கள் பேட்டையில் ஓடும் குழுவை விசாரித்து வரும் ஞாயிறே போய்ச் சேருங்கள்.