ராஜினாமாவுக்கு முன்

வேறு உத்தியோகம் தேட எண்ணுகிறவர்கள், விண்ணப்பம் எழுதும் உற்சாகத்தில், இருக்கும் இடத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டிய காரியங்களை மறந்துவிடுவது மிகவும் வருந்தத்தக்கது. வருங்கால வைப்புநிதிக் கணக்கின் 12 இலக்க யூ.ஏ.என். எண்ணைக் குறித்துக்கொண்டு, அதில் பதிவாகியுள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நம்மவர் பெயர்களில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னும் மற்றோரிடத்தில் பின்னும் நிற்க, இன்னோரிடத்தில் முழுப்பெயராகவே விரிந்திருக்க, அந்தச் சிறு பேதத்தினாலேயே பணம் கைக்கு வராமல் அலைய நேரிடுகிறது. திருத்தத்துக்கு நிர்வாகத்தின் ஒப்புதல் தேவைப்படலாமாதலால், விலகிய பின் பிரயாசை இரட்டிப்பாகும்.

அந்த நிதியை இடையில் எடுத்துச் செலவழிப்பதைக் காட்டிலும் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்வதே உத்தமம். 5 ஆண்டுத் தொடர் சேவை நிறைவதற்கு முன் எடுக்கும் தொகை வரிக்கு உட்படக்கூடும், மாற்றிக்கொண்டாலோ பழைய சேவையும் சேர்த்தே கணக்கிடப்படும். நிரந்தர ஊழியரின் பணிக்கொடைக்கும் 5 ஆண்டே பொது விதியாதலால், அதற்குச் சில வாரங்களே குறைவாயிருப்பின் பொறுத்திருப்பது நலம்.

சம்பளச் சீட்டுகள், படிவம் 16, நியமனக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளைச் சொந்தப் பொறுப்பில் சேர்த்து வையுங்கள். புதிய நியமன உத்தரவு எழுத்து மூலமாகக் கைக்கு வந்த பிறகே ராஜினாமாக் கடிதத்தைக் கொடுங்கள். விடுவிப்புக் கடிதம் வாங்காமல் வெளியேறாதீர்கள்.