வெந்நீர் ஊற்றுப் புரதங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: கொதிக்கும் ஊற்றில் வாழும் நுண்ணுயிரின் புரதங்கள் எல்லாமே கொதிநிலையைத் தாங்கும்.

உண்மை: உயிரியல் மாணவர்களிடம்கூட ஊறிப்போன எண்ணம் இது, ஆனால் தவறு. முட்டையின் வெள்ளைக்கரு வெந்து கட்டியாவது, அதிலுள்ள புரதங்கள் மடிப்பு குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால்தான். அப்படிக் குலையும் வெப்பநிலை, ஒரே செல்லில் உள்ள புரதங்களுக்குள்ளேயே மாறுபடும். சூரிச் இ.டி.எச். பல்கலைக்கழகத்தில் பாவோலா பிக்கோட்டியின் குழு 2017-இல் இதை விரிவாக அளந்து காட்டியது. செல்சாற்றை வெவ்வேறு வெப்பநிலைகளில் சூடாக்கி, புரதத்தை வெட்டும் நொதியைச் சிறிது நேரம் அதில் விட்டார்கள். இறுக மடிந்த புரதத்தை அந்த நொதியால் எளிதில் வெட்ட முடியாது. குலைந்த புரதம் துண்டுதுண்டாகும். அந்தத் துண்டுகளை நிறை நிறமாலைமானியில் படித்தால் எந்தப் புரதம் எப்போது குலைந்தது என்று தெரிந்துவிடும். ஈ.கோலை, ஈஸ்ட், மனிதச் செல், வெப்பம் விரும்பும் தெர்மஸ் தெர்மோஃபிலஸ் ஆகியவற்றில் 8,000-க்கும் மேற்பட்ட புரதங்களை இப்படி அளந்தார்கள். வெப்பத்தில் செல் சாவது எல்லாப் புரதமும் ஒரேயடியாகக் குலைவதால் அல்ல, முக்கிய வேலை பார்க்கும் ஒரு பகுதி குலைவதால்தான் என்பதே அவர்கள் கண்டது. வெப்ப விரும்பிகளைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிடத் தெளிவான ஆய்வு வேறில்லை.

நம்பிக்கை: செல்சாற்றைக் கொதிக்கவைத்த பிறகும் கரைசலில் மிஞ்சுவதெல்லாம் உறுதியான புரதம்.

உண்மை: முதல் சல்லடையாக இது நல்ல வழி. ஆனால் தொடக்கத்திலிருந்தே திட்டமான மடிப்பு இல்லாத புரதங்கள் உண்டு. குலைய எதுவும் இல்லாததால் அவையும் கட்டியாகாமல் மிதக்கும். சில புரதங்கள் சூட்டில் குலைந்து, ஆறியதும் மீண்டும் மடிந்துகொள்ளும்.

நம்பிக்கை: இந்த உறுதிக்குப் பின்னால் ஒரே ரகசியம் இருக்கிறது.

உண்மை: இத்தாலியின் வல்கானோ தீவுக் கடலோர வெந்நீர்ப் படிவில் கிடைத்து, 1986-இல் விவரிக்கப்பட்ட பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் 100 டிகிரி செல்சியஸில்தான் மிக நன்றாக வளர்கிறது. அதன் குளூட்டமேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியில் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலங்கள் வலைப்பின்னலாகக் கைகோத்திருக்கின்றன. அதே உயிரியின் ரூப்ரெடாக்ஸின் என்ற புரதமோ, உறுதியில் வேறுபட்டாலும், மித வெப்பத்தில் வாழும் பாக்டீரியாவின் ரூப்ரெடாக்ஸினை வடிவத்தில் பெரிதும் ஒத்திருக்கிறது. வேறு புரதங்களில் உட்பகுதி நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும், அல்லது தொங்கும் வளைவுகள் குட்டையாக இருக்கும். எனவே வடிவத்தை மட்டும் பார்த்து உறுதியைச் சொல்லிவிட முடியாது.

நம்பிக்கை: டாக் பாலிமரேஸ் அழியாதது, பிழையற்றது.

உண்மை: அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஊற்றுகளில் தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் கண்டெடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் பாக்டீரியாவிலிருந்து 1976-இல் பிரித்தெடுத்த, டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி இது. முன்பு டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். செய்யும்போது, ஒவ்வொரு சுற்றின் சூட்டிலும் ஈ.கோலை நொதி குலைந்துவிடுவதால் அதைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையை நீக்கியது டாக். கொரோனாவின்போது மூக்கிலிருந்து மாதிரி எடுத்துச் செய்த சோதனைக்கும் அடிப்படை இந்த பி.சி.ஆர். முறைதான். ஆனால் 95 டிகிரியில் சுமார் 40 நிமிடத்தில் டாக்கின் செயல்திறன் பாதியாகிவிடும். தன் பிழையைத் தானே திருத்தும் திறனும் அதற்கு இல்லை. பைரோகாக்கஸின் பாலிமரேஸுக்கு உண்டு.

ஆய்வகத்தில் நொதி தேர்ந்தெடுக்கும் மாணவர்கள், அது வந்த ஊற்றின் வெப்பத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அந்தப் புரதம் குலையும் வெப்பநிலையையும், செயல்திறன் பாதியாக எடுக்கும் நேரமான அரை ஆயுளையும் கேட்டுப் பாருங்கள்.